நான்கு வாரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

(சத்துவாச்சாரியில் நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இந்த ஆண்டு உதவி பெறும் பிள்ளைகளில் நர்சிங் படிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பத்தாண்டுகளுக்கு முன்னால் நம் மஹல்லாவில் நர்சிங் என்று சொன்னாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆகவே இன்று கல்வியின் சிறப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் படிப்புக் காலத்திலேயே வெளிநாடு சென்று பார்த்து வருவதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறோம். அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தவறு. அதை இந்தச் சபையில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்ப்பவர். கல்லூரியில் இரண்டு மாணவிகளைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்தில் ஒரு கல்லூரிக்கு நான்கு வாரம் அனுப்புகிறார்கள், அதில் தானும் ஒருத்தி என்றார். தங்கும் இடம் அவர்கள் பொறுப்பு. விமானம், விசா, காப்பீடு, கைச்செலவு என்று எண்பதாயிரம் ரூபாய் தேவைப்படும், அறக்கட்டளை உதவுமா என்று கேட்டார். கையில் கல்லூரியின் கடிதம் இருந்தது. தெளிவாகப் பேசினார்.

கமிட்டி கூடியது. ஒருவர் கேட்டார், "நான்கு வாரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? சுற்றிப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள்." இன்னொருவர், "இந்தப் பணத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே" என்றார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதனால்தான் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. நாங்களும் தலையாட்டினோம். வழக்கமான உதவித்தொகையை மட்டும் கொடுத்து அனுப்பினோம். அந்தப் பெண் போகவில்லை. அவருடைய இடத்தில் வேறொரு மாணவி போனார்.

இதைச் சொல்லும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழில் செய்யும் நம் மக்கள், தோல் கண்காட்சிக்கென்று ஹாங்காங்குக்கும் மிலானுக்கும் போய் வருகிறார்கள். மொத்தம் நான்கு நாள். போனவர் என்ன செய்கிறார்? தோலைத் தொட்டுப் பார்க்கிறார். இத்தாலிக்காரன் ஃபினிஷிங்கை எப்படிச் செய்திருக்கிறான், அடுத்த சீசனில் என்ன நிறம் ஓடும் என்று பார்க்கிறார். ஊர் திரும்பியதும் டிரம்மில் போடும் கெமிக்கலின் அளவே மாறுகிறது. "நான்கு நாளில் என்ன தெரிந்துகொள்ள முடியும்" என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு நான்கு நாள் போதும். தோலுக்கு நாம் ஒப்புக்கொள்ளும் நியாயத்தை, நோயாளியைத் தொடும் கைகளுக்கு ஏன் மறுத்தோம்? கமிட்டியில் பாதிப் பேர் தோல் வியாபாரிகள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடு என்பதை ஹதீஸ் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை பலவீனமானது என்கிறார்கள், ஆகவே அதை நாம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுடைய பயணம் நமக்குப் போதும். நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஒரே ஒரு செய்தி ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் இருப்பதாக அறிந்து, ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து போய் அவர் வாயாலேயே கேட்டார்கள். புகாரியின் கல்வி அத்தியாயத்தில் இந்த ஒரு மாதப் பயணம் குறிப்பிடப்படுகிறது. நாங்கள் மதரஸாவில் ஓதிய காலத்தில் இதைப் படித்திருக்கிறோம். படித்துவிட்டும் கமிட்டியில் தலையாட்டினோம்.

நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது நம் பெண்களுக்குப் புதிதும் அல்ல. அகழ்ப்போரில் காயமடைந்த சஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசல் வளாகத்திலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் என்று வரலாற்று நூல்கள் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியைக் குறிப்பிடுகின்றன.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். வேலூர் என்றால் உலகம் முழுக்க சி.எம்.சி. மருத்துவமனை என்று சொல்கிறார்கள். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் நம் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் மருத்துவம் படிக்கப் போன காரணம் நம்மில் பலருக்குத் தெரியாது. திண்டிவனத்தில் மருத்துவரான அவருடைய தந்தையின் வீட்டில் அவர் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் வரக் கூடாது, நீ வா என்று அந்த இளம்பெண்ணை அழைத்தார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூன்று கணவர்களில் ஒருவர் முஸ்லிம்.

பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அந்தச் சகோதரர் கேட்டதில் குற்றமில்லை. இன்றும் நாம் பிரசவ வார்டில் அதைத்தான் கேட்கிறோம். லேடி டாக்டர் இருக்கிறாரா, லேடி நர்ஸ் இருக்கிறாரா என்று. கேட்டுவிட்டு, நம் வீட்டுப் பெண்ணை அந்தப் படிப்புக்கு அனுப்ப யோசிக்கிறோம். ஊரார் வீட்டுப் பெண்கள் படித்து வந்து நம் பெண்களைப் பார்க்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1909-இல் இங்கே நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு அந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடங்கள் இரண்டே, ஒன்று டெல்லி, மற்றது நம் வேலூர். கடல் கடந்து கற்றவர்களும், கடல் கடந்து வந்து கற்பித்தவர்களும் சேர்ந்து வளர்த்த படிப்பு அது. அதன் பலனை நூறு வருடமாக இந்த மாவட்டம் அனுபவிக்கிறது.

நாம் மட்டும் வாங்கிக்கொண்டோம் என்றும் நினைக்க வேண்டாம். 1946-இல் வேலூருக்கு வந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் காலில் வரும் புண், சதை தானாக அழுகுவதால் வருவதல்ல, வலி தெரியாததால் வருவது என்று இங்கேதான் கண்டு உறுதி செய்தார். கல் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். அதற்காக வேலூரிலும் காட்பாடி பக்கம் கரிகிரியிலும் மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்புகளைச் செய்து கொடுத்தார்கள். 1966-இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இதே போல உணர்ச்சி போகிறது என்பதால், வேலூரில் கற்ற பாதப் பராமரிப்பு அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்பட்டது. இன்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் "தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா, வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்று நர்ஸ் சொல்கிறாரே, அதற்குப் பின்னால் நம் கரிகிரிச் செருப்பும் இருக்கிறது. செருப்புத் தொழில் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்க முடியுமா?

சரி, நான்கு வாரத்தில் என்ன கற்றார்கள்? போய் வந்த அந்த மாணவியை நம் பெண்கள் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னோம். பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். இயந்திரம் எல்லாம் வேலூரிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அவர் முதலில் சொன்னது ஷிஃப்டு மாறும் நேரத்தைப் பற்றி. அந்த வார்டில் இரவு நர்ஸ் பகல் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைப்பது நோயாளியின் கட்டில் அருகில் நின்றுதானாம். நோயாளியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "நேற்று மாத்திரை சாப்பிட்டதும் தலை சுற்றியது, அதைச் சொல்லவில்லையே" என்று ஒரு கிழவர் நடுவில் குறுக்கிட்டாராம். நர்ஸ் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். புத்தகத்தில் இதைப் படித்திருந்தாலும், நோயாளி குறுக்கிடுவார், அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன் என்றார்.

இரண்டாவது, ஆபரேஷன் தியேட்டர். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புச் சீட்டை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என்று மூன்று முறை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். சரியான ஆள்தானா, சரியான பக்கம்தானா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்று. டெல்லி, அம்மான், மணிலா, லண்டன் உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறப்பு நூற்றுக்கு 1.5 என்று இருந்தது 0.8 ஆகக் குறைந்தது. ஒரு காகிதச் சீட்டு! அந்தச் சீட்டு இங்கேயும் இருக்கிறது, நானும் டிக் போட்டிருக்கிறேன் என்றார் அந்தப் பெண். அங்கே பார்த்த வித்தியாசம் ஒன்றுதான். ஒரு நாள் நர்ஸ் "எண்ணிக்கை இன்னும் முடியவில்லை" என்றார். பெரிய சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடியும் வரை நின்றார்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் குரல் மாறியது. நாங்கள் அதைக் கவனித்தோம். சீட்டு ஒன்றுதான், ஆனால் அதைப் படிக்கும் நர்ஸின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதைச் சீட்டில் அச்சடிக்க முடியாது. நர்ஸ் சொன்னால் எல்லோரும் நிற்பார்கள் என்று ஒரு முறை கண்ணால் பார்த்த மாணவி, நாளை இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு தவறைப் பார்த்தால், வாய் திறப்பாள். அப்போது கட்டிலில் படுத்திருப்பது நம் தாயாராக இருக்கலாம்.

நோயாளியைத் தூக்குவதற்கு அங்கே தூக்கு கருவி இருக்கிறது, நர்ஸ் தன் இடுப்பை உடைத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். எங்கள் கூட்டத்தில் இருந்த வயதான ஆயா ஒருவர், "இதை நாற்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முதுகைத் தடவிக்கொண்டார்.

எல்லாமே அங்கே உயர்வு என்று அவர் சொல்லவில்லை. வந்து பார்க்க ஆளில்லாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்களை அங்கே பார்த்தாராம். இங்கே ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வந்து வார்டை அடைத்துக்கொண்டு நிற்பதில் எரிச்சல்பட்டவர், திரும்பி வந்த பிறகு அந்த ஆறு பேரில் ஒருவரை அழைத்துப் புண் கட்டவும், படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கவும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். அந்நாட்டு மாணவிகளோ, இவர் படிக்கும்போதே இத்தனை பிரசவங்களில் நின்றிருக்கிறாரா என்று வியந்தார்களாம். தன் படிப்பின் அருமையும் அங்கே போய்த்தான் தெரிந்தது.

இனி பெற்றோர்களின் கவலைகள். அவை நியாயமானவை. ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

உடை ஒன்று. இங்கிலாந்தில் நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்று விதி உண்டு, கிருமி பரவும் என்பதற்காக. முஸ்லிம் பெண்கள் இதை எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு முறை அணிந்து எறியும் கையுறைச் சட்டை போன்ற கைமறைப்பை அணியலாம் என்று 2010-இல் வழிகாட்டுதல் வந்தது. 2019-இல் டெர்பி நகர மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்கென்று ஒரு முறை பயன்படுத்தும் கிருமியற்ற ஹிஜாபையே கொண்டுவந்தார்கள். அதற்கு முயன்றவர் ஓர் இளம் பெண் மருத்துவர். மலேசியாவில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஆகவே நம் பெண் போகும் முன் அந்த மருத்துவமனையின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கினால், அங்கே போய் நின்று தவிக்க வேண்டியதில்லை.

தனியாக அனுப்புவது இன்னொன்று. இதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து வேறுபடும். உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள், நாங்கள் வற்புறுத்த மாட்டோம். ஆசிரியை ஒருவர் கூடவே செல்லும் குழு, மலேசியா போன்ற நாடு, நம் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர், இப்படி வழிகள் உண்டு.

போனவள் திரும்பி வருவாளா என்பதையும் கேட்கிறார்கள். நான்கு வார விசாவில் போகிறவர் வந்துதான் ஆக வேண்டும், தேர்வு இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ வேலைக்குப் போவது அவரவர் விருப்பம், அது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் ஏமாற்றுக்காரன் உள்ளே வருகிறான். 2015-இல் கேரளத்தில், குவைத் நர்ஸ் வேலைக்கு 19,500 ரூபாய் கட்டணம் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 இலட்சம் வாங்கினார்கள் என்று சி.பி.ஐ. வழக்கே பதிவானது. அந்த ஆண்டில்தான், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்சுகளை எடுப்பது அரசு நிறுவனங்கள் வழியாக நடக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் அதற்கு 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வேலை என்றால் அங்கே போய் விசாரியுங்கள். "படிக்கும்போதே ஃபாரின் டிரெயினிங், அப்படியே வேலை" என்று எவனாவது வீட்டு வாசலில் வந்து முன்பணம் கேட்டால், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பயிற்சி என்று வரும் கடிதத்தில் நாங்கள் பார்ப்பது இவைதான்: கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நேரடி ஒப்பந்தம் இருக்கிறதா, நடுவில் ஏஜென்ட் இருக்கிறாரா, அங்கே பொறுப்பாசிரியை யார், காப்பீடு யார் எடுக்கிறார்கள், நோயாளியைத் தொட அனுமதி உண்டா அல்லது பார்வையாளராக மட்டுமா. பெரும்பாலும் பார்வையாளராகத்தான் இருப்பார்கள், அந்நாட்டில் பதிவு இல்லாததால். அதில் குறையில்லை. கண்ணால் பார்ப்பதற்குத்தான் அனுப்புகிறோம்.

வெளிநாடு போக முடியாத பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். தோட்டப்பாளையத்திலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ்களைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். கடைப் பலகைகூட வங்காளத்தில் இருக்கிறது. வீட்டில் உருது பேசும் நம் பெண், அந்த நோயாளியிடம் உடைந்த இந்தியில் நாலு வார்த்தை பேசிப் பழகினால், அதுவும் பன்னாட்டுப் பாடம்தான். நாங்கள் ஓதிய காலத்தில் பக்கத்துப் பாயில் இலங்கை மாணவர் படுத்திருப்பார். அவர் பேசும் தமிழைக் கேட்டுத்தான், நாம் பேசுவது மட்டும் தமிழ் இல்லை என்று புரிந்தது.

பணத்துக்கு வருவோம். ஸகாத் நிதியிலிருந்து இந்தப் பயணத்துக்குக் கொடுக்கலாமா என்று உலமாக்களிடம் கேட்டோம். ஏழைப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அதில் தொடருங்கள், பயணத்தை உறுப்பினர் சந்தாவிலிருந்தும் பொது நன்கொடையிலிருந்தும் செய்யுங்கள் என்றார்கள். அப்படியே முடிவு செய்திருக்கிறோம். யாருடைய ஃபீஸும் இதனால் குறையாது. இந்த ஆண்டு ஒரு மாணவிக்கு, நிதி சேர்ந்தால் இருவருக்கு, இன்ஷா அல்லாஹ். ஒரே நிபந்தனை: திரும்பி வந்ததும் நம் பெண்கள் கூட்டத்தில் இரண்டு முறையாவது பேச வேண்டும், நம் மஹல்லாவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் முகாமில் ஒரு நாள் நிற்க வேண்டும்.

நாங்கள் மறுத்த அந்தப் பெண் இப்போது படிப்பை முடித்து ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கிறார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், எங்கள் முடிவு தவறு என்று அவரிடமும் அவருடைய அப்பாவிடமும் சொன்னோம். தேநீர் கொடுத்தார்கள். அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "என் தங்கச்சி இரண்டாம் வருஷம் நர்சிங் படிக்கிறா" என்று மட்டும் சொன்னார். தங்கையின் விண்ணப்பமும் மற்றவர்களுடையதோடு சேர்ந்துதான் பார்க்கப்படும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

படிவங்கள் நம் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு கிடைக்கும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கட்டணம் 1,500 ரூபாய். வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே அதற்கான மையம் இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று இருக்கும் பிள்ளைகள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போன முறை பாதி விண்ணப்பங்கள் அதில்தான் சிக்கின.